தலைகீழாக மாட்டிய ஏரி

ஆஸியா பீவி படத்தைத் தலைகீழாக மாட்டியிருந்தாள்.

கூடத்துக்குள் கால் வைத்ததுமே நவநீதன் அதைக் கவனித்துவிட்டான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றடிச் சட்டத்துக்குள் இருந்தது வெறும் தண்ணீர்தான். பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக நெளிய, நடுவே துண்டு துண்டாகச் சிதறிய ஆரஞ்சு நிறம். மதியம் வருஷ நினைவு நாள் பாத்தியா ஓத வந்த சொந்தக்காரர்கள் அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதில் மேல் எது, கீழ் எது என்பது அந்தப் படத்தை எடுத்த அவனுக்கு மட்டுமே தெரியும்.

எல்லாரும் போனபிறகு மூன்று மணிவாக்கில் வரச் சொல்லி அவள்தான் போன் செய்திருந்தாள். இறந்துபோன நண்பனின் மனைவி கூப்பிடும்போது மறுக்க முடியவில்லை. நெடுங்காட்டிலிருந்து திருமலைராயன்பட்டினம் வரை மழையில் நனைந்துகொண்டே வண்டி ஓட்டி வந்திருந்தான். வாசல் கதவு திறந்தே கிடந்தது. நெய்ச்சோற்று மணமும் சாம்பிராணி மணமும் கலந்து, அவற்றுக்கு அடியில் ஈரச் சுவரின் பூஞ்சை வாடை மெல்ல வீசியது. உள்ளறையில் அவள் மாமியார் தூங்கும் குறட்டைச் சத்தம் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“படம் தலைகீழா இருக்கும்மா,” என்றான்.

“இல்லண்ணே. இப்பத்தான் நேரா இருக்கு.”

அவள் தேநீர் எடுத்துவர உள்ளே போனாள். அவன் படத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றான்.

போன வருடம் துபாயிலிருந்து விடுமுறையில் வந்த அவள் கணவன் ஜவஹர் அலிதான், “மலைக்குக் கூட்டிட்டுப் போடா, தட்டையான ஊரப் பாத்துப் பாத்துச் சலிச்சிருச்சு,” என்று நச்சரித்தவன். நவநீதனுக்கு வேறு ஆசை இருந்தது. மலை ஏரிகளில் விழும் நிறங்களை மட்டும், மலையும் தெரியாமல் வானமும் தெரியாமல், படமெடுக்க வேண்டும். வடக்கே பனிமலையில் பதினான்காயிரம் அடி உயரத்தில் கிடைத்த ஏரி கண்ணாடிபோல் அசையாமல் கிடந்தது. அசையாத தண்ணீரில் படம் இல்லை. கொஞ்சம் இறங்கிக் கலக்கிவிடு என்று ஜவஹரிடம் சொன்னான். வாடகைக்கு எடுத்த ஆரஞ்சுக் குளிர்ச்சட்டையோடு ஜவஹர் சிரித்துக்கொண்டே முழங்கால் ஆழத்துக்குப் போனான். அடுத்த எட்டில் தரை இல்லை.

அப்போதுதான் தண்ணீரில் அந்த நிறம் உடைந்தது. அப்படி ஒன்றை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. கை கேமரா பொத்தானிலேயே இருந்தது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்றே ஒன்று என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற கேமரா முக்காலியை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும்.

கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாகப் போலீசிடம் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. ஏழாவது படத்துக்குச் சென்னையில் ஒரு கண்காட்சியில் முதல் பரிசு கிடைத்தது. தன் கணவர் கடைசியாகப் பார்த்த தண்ணீரின் படம் ஒன்று வேண்டுமென்று ஆஸியா பீவி கேட்டபோது, வேறு எத்தனையோ படங்கள் இருந்தும், அதையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அழுதுகொண்டே அதைத் தடவிப் பார்த்தபோது அவனுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் வந்தாள். கையில் தேநீர் இல்லை. தண்ணீர் நிரப்பிய அகலமான அலுமினியப் பேசின் ஒன்றை, தளும்பாமல் தூக்கிக்கொண்டு வந்து, படத்துக்கு நேர் கீழே தரையில் வைத்தாள். ஒரு சாண் ஆழம்கூட இருக்காது.

“உருவப் படம் வீட்டுல மாட்டக் கூடாதுன்னு மாமி சொல்லுவாங்க. இது தண்ணிதானேன்னு விட்டாங்க. ஆணி கழண்டு ஒருநாள் விழுந்துச்சு. மாமிதான் தெரியாம மாத்தி மாட்டுனாங்க.” அவள் குரலில் அழுகை இல்லை. “அன்னிக்குத்தான் மச்சானப் பாத்தேன். கை மேல இருக்கு. வாய் தெறந்திருக்கு. கண்ணு உங்களயே பாக்குது.”

நவநீதன் நிமிர்ந்தான். அந்த ஆரஞ்சுத் துண்டுகளை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். ஒருமுறைகூட முகம் தெரிந்ததில்லை. இப்போது தெரிந்தது.

“எத்தன எடுத்தீங்கண்ணே?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். “பத்தொம்பது,” என்று வந்தது.

அவள் பேசினை விட்டு விலகி வந்து எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மழை நின்றிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டுகள் வாசலில் விழும் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. உள்ளறைக் குறட்டையும் எப்போது நின்றதென்று தெரியவில்லை. பேசின் தண்ணீர் மட்டும் ஓயவில்லை. யாரும் தொடவில்லை; காற்றும் இல்லை. விளிம்பிலிருந்து வளையங்கள் கிளம்பி நடுவை நோக்கி ஓடின. பச்சை. நீலம். பச்சை. அதிலிருந்து குளிர் எழுந்து அவன் கணுக்காலைத் தொட்டது. அந்தக் குளிர் இந்த ஊர்க் குளிர் அல்ல. அவனுக்கு அது பழக்கமானது.

போய்விட வேண்டும் என்று நினைத்தான். குனிந்தான்.

தண்ணீரில் ஓடு தெரியவில்லை. உத்திரம் தெரியவில்லை. வெகு ஆழத்தில் பச்சை இருட்டு. அதற்கு மேலே அவன் முகம்.

அவன் வாய் மூடியிருந்தது. அந்த முகத்தின் வாய் திறந்திருந்தது.

அது கத்தியது. சத்தம் இல்லை. உள்ளிருந்து இரண்டு கைகள் தண்ணீரை அறைந்தன. அவனுடைய கைகள். மோதிரம்கூட அவனுடையது. தன் கைகளைப் பார்த்தான். அவை தொடையோடு ஒட்டித் தொங்கின. அசையவில்லை.

மூச்சு இழுத்தான். காற்று வரவில்லை.

கனமாக ஏதோ வந்தது. தொண்டையில். மார்பில்.

“தங்கச்சி,” என்று சொல்ல நினைத்தான். குமிழிச் சத்தம்தான் வந்தது. முழங்கால் மடங்கி, சிவப்புச் சிமெண்டுத் தரையில் பக்கவாட்டில் விழுந்தான். வாயிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. பனி உருகிய தண்ணீர். பச்சைத் தண்ணீர். நிற்கவில்லை. ஒரு குடம் இருக்கும். இரண்டு குடம் இருக்கும். கூடம் முழுக்க மெல்லப் பரவி, சுவரோரம் வரை போய், கண்ணாடிபோல் படிந்தது. திறந்திருந்த அவன் கண்ணுக்கு அரை விரல் தூரத்தில், அந்தத் தண்ணீரில், வெள்ளை மலைகள் தலைகீழாக நின்றன.

ஆஸியா பீவி புடவை நனையாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.