நேரில் வரவும்

'முடிந்தது' என்று முத்திந்தா குறித்து வைத்திருந்த எண்ணிலிருந்து மறுபடியும் ஒரு செய்தி வந்தது. "கெளம்பிட்டோம்மா. பதினோரு பேரு."

எம்.பி. அலுவலகத்தில் அவள் பயிற்சிக்குச் சேர்ந்து ஐந்து வாரம்தான். ஆனாலும் வேலை அத்துப்படி. தொகுதி மக்கள் அனுப்புவதெல்லாம் ஒரே கைப்பேசிக்கு வரும். மூன்று பதில்கள் தயாராக இருக்கும். துக்கச் செய்திக்கு முதலாவது, நன்றிக்கு இரண்டாவது, மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாவது: 'விண்ணப்பம் எழுதி, ஊர்த்தலைவர் கையெழுத்துடன் நேரில் வரவும்.' பதில் போனதும் நோட்டில் 'முடிந்தது.' எம்.பி.யோ தலைநகர் லுசாகாவில். இங்கே எல்லாம் செயலாளர் ஹமூங்காதான். "படிச்சுப் பாக்காதம்மா, பதிலப் போடு. படிச்சா ராத்திரி தூக்கம் வராது," என்பார். அவருடைய சான்றிதழ் இல்லாமல் கல்லூரியில் தேற முடியாது. அதனால் அவளும் படிப்பதை விட்டுவிட்டாள்.

தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்த அந்த வெள்ளிக்கிழமை மதியம், ஈரக் காகிதமும் பக்கத்துக் கடையில் பொரிக்கும் கப்பெந்தா மீனும் கலந்து நாறும் அந்தச் சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து, அவள் பழைய செய்தியைத் தேடி எடுத்தாள். செவ்வாய்க்கிழமை வந்தது. "சியாமூலி ஊர்லேந்து லுவேந்தோ எழுதறேன். ஆறு எங்களச் சுத்திருச்சு. பிள்ளைங்க பட்டினி. ஒரு படகு அனுப்புங்க."

அதன் கீழே அவள் அனுப்பிய மூன்றாவது பதில்.

படகு கேட்டவர்களை நேரில் வரச் சொல்லியிருக்கிறாள். அவமானத்தில் காது சுட்டது. "வராதீங்க, ஆத்துல எறங்காதீங்க," என்று அவசரமாக அடித்து அனுப்பினாள். அந்த எண்ணைக் கூப்பிட்டாள். யாரோ எடுத்தார்கள். பேச்சில்லை. வாய் குறுகிய குடத்தில் தண்ணீர் இறங்குவது போல ஒரு சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

வெளியே போயிருந்த ஹமூங்காவைக் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"சியாமூலி ஆளுங்களா? உனக்கு யாரும் சொல்லலையா பொண்ணே?" அவர் குரல் உள்ளே போயிருந்தது. "காலையிலேயே போயிட்டாங்கம்மா. மரத்தக் கட்டி மெதந்து வந்திருக்காங்க. பதினோரு பேரு. ஒரு ஒடம்புகூட இன்னும் கெடைக்கல. எதுக்கு இந்த வெள்ளத்துல வந்தாங்கன்னுதான் தெரியல."

அவளுக்குத் தெரியும். இணைப்பைத் துண்டித்தாள்.

கைப்பேசி அதிர்ந்தது. "சந்தையத் தாண்டிட்டோம்மா."

சந்தையிலிருந்து இங்கே ஐந்து நிமிட நடை. பின்கதவு கிடையாது. ஜன்னலில் கம்பி. தாழ்ப்பாளைப் போட்டாள். மேசையை இழுத்துக் கதவோடு சேர்த்து வைத்தாள். மழை சட்டென்று நின்றது.

மீன் வாடை போய்விட்டது. ஆற்றுச் சேற்றின் வாடை.

வெளியே யாரோ மெல்லக் கை தட்டினார்கள். அந்த ஊர்ப்பக்கம் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். வாசலில் நின்று கை தட்டுவார்கள், உள்ளே இருப்பவர் குரல் கொடுக்கும்வரை நுழையமாட்டார்கள். அது மரியாதை. பேசாமல் இருந்தால் போதும். முத்திந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி தட்டல். நிறையக் கைகள். ஈரக் கைகள்.

"நாங்கதாம்மா, சியாமூலி." ஒரு பெண்ணின் குரல், பணிவாக. "கையெழுத்து வாங்கியாச்சு."

அவள் மேசையை இரு கையாலும் கதவோடு அழுத்திப் பிடித்தாள்.

"நீங்கதானேம்மா வரச் சொன்னீங்க?"

தாழ்ப்பாள் தானாக விலகியது. மேசை நகர்ந்தது. வந்தார்கள். ஒவ்வொருவராக. முழங்காலிட்டு, தலை குனிந்து, பெரியவர்களைக் கும்பிடுவது போல அவளைக் கும்பிட்டார்கள். நிமிர்ந்தபோது மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் பழுப்புத் தண்ணீர் வழிந்தது. வாசலில் பேசிய லுவேந்தோ கூழாகிப்போன ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"எம்.பி. இல்ல," என்றாள் முத்திந்தா. அது தன் குரல்தானா என்றே அவளுக்குத் தெரியவில்லை. "திங்கக்கெழம... வாங்க."

"அதுக்கென்னம்மா. இருக்கோம்."

உட்கார்ந்தார்கள். பெஞ்சில். தரையில். அவள் காலைச் சுற்றி. கடைசியாக வந்த குழந்தைக்கு மூன்று வயதிருக்கும். அது கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிலும் பார்த்தது. எங்கும் இடமில்லை. ஈரக் காலால் தத்தித் தத்தி வந்து, அவள் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டது.