வாங்கிப் போகாத ரிப்போர்ட்

பரிசோதனைக் குழாய்களில் ஒட்டும் ஸ்டிக்கரில் ஆறு இலக்க எண்தான் வரவேண்டும். திங்கட்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, ஒரு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சத்தில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வரிசையின் நடுவே 00417 என்று ஒன்று வந்து விழுந்தது. ரத்தம் எடுக்கும் நர்ஸ் அதைக் கிழித்துக் கீழ்த்தளத்துக்கு எடுத்து வந்து, அவன் மேசை ஓரத்தில் ஒட்டினாள்.

"நம்பர்காரரே, உங்க மெஷினுக்கு வயசாயிடுச்சு போல. பழசெல்லாம் ஞாபகம் வருது அதுக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனும் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸ் அவன் பொறுப்பு. எண் கொடுப்பதற்கென்றே அதற்குள் சீக்வென்ஸ் என்று ஒன்று உண்டு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடுத்த எண் என்ன என்று கேட்டால், கடைசியாகக் கொடுத்ததோடு ஒன்று கூட்டிச் சொல்லும். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது. யாராவது வேண்டுமென்றே மாற்றி வைத்தாலொழிய அது பின்னால் போகவே போகாது. அவன் திறந்து பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. நானூற்றுப் பதினேழு வர வழியே இல்லை.

ஸ்டிக்கரை உரித்துக் குப்பைத்தொட்டியில் போடக் குனிந்தான். காகிதங்களின் மேல் ஒரு பஞ்சு உருண்டை கிடந்தது. நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு, இன்னும் காயவில்லை. கீழ்த்தளத்தில் சர்வர்களும் அவனும் மட்டும்தான். யாருக்கும் இங்கே ஊசி போடுவதில்லை.

அந்த எண் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அந்த எண்ணில் என்ன நடந்தது என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் எண் 99999-ஐத் தொட்டு, இனி முடியாது என்று நின்றுவிட்டது. மேலே கூடத்தில் கூட்டம் நெரிந்தது. "ஜனம் கத்துதுய்யா, என்னதான் பண்றீங்க அங்க?" என்று சூப்பிரண்டெண்ட் போனில் குதித்தார். ஆறு இலக்கத்துக்கு மாற்ற வேண்டும் என்பது அவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். ஸ்டிக்கர் அளவிலிருந்து எல்லாவற்றையும் மாற்ற அரை நாள் பிடிக்கும். பார்த்துக்கொள்ளலாம், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு வந்த சோம்பேறி அவன். அன்றைக்கு ஒரே ஒரு வார்த்தையை மாற்றினான். உச்சத்தைத் தொட்டால் மறுபடி ஒன்றிலிருந்து சுற்றி வா என்று சீக்வென்ஸுக்குச் சொல்லிவிட்டான். இரண்டு நிமிஷ வேலை. சூப்பிரண்டெண்ட் நேரில் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டுகள் எப்போதோ கிடங்குக்குப் போய்விட்டன, எண் மோதாது என்பது அவன் கணக்கு. வாங்கிப் போகாத ரிப்போர்ட் மட்டும் கிடங்குக்குப் போகாது என்பது மறந்துவிட்டது. ஆறு வருஷத்துக்கு முன், 417-ஆம் எண்காரர் யாரோ ஒரு திடகாத்திரமான மனிதர், தனக்கு ஒன்றுமில்லை என்ற தெம்பில் ரிப்போர்ட்டை வாங்கவே வரவில்லை. அது அங்கேயே உட்கார்ந்திருந்தது.

புதிய 417, அடுத்த வாரம் ஐந்து நாள் காய்ச்சலோடு வந்த ஒரு பெண். மதியம் மூன்றரை மணிக்கு டாக்டர் எண்ணைத் தட்டினார். திரை முதலில் கிடைத்த பழைய ரிப்போர்ட்டைக் காட்டியது. எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அன்று சாயங்காலம் அவன் அவளைப் பார்த்தான். கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். ரத்தம் எடுத்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தும், இடது கையை மடக்கி, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே நடந்தாள். மடக்கி வைக்கச் சொன்னவர்கள் நீட்டச் சொல்ல மறந்திருந்தார்கள். 'போதும்மா, கையை நீட்டுங்க' என்று சொல்ல நினைத்தான். போன் வந்தது, திரும்பிவிட்டான். மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள்.

செய்தி வந்த அன்றே அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆறு இலக்கமாக்கினான். சுற்றி வருவதை நிறுத்தினான். பழைய ரிப்போர்ட்டை அழித்தான். தான் செய்த மாற்றம் பதிவான வரியையும் அழித்தான். விசாரணையில் பழி, குழாய்களில் ஸ்டிக்கர் ஒட்டும் லேப் அக்காவின் தலையில் விழுந்தது. வேறு யாருடைய குழாயிலோ ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டாள், அதனால்தான் டாக்டருக்கு நார்மல் என்று வந்தது என்றார்கள். பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் அவன் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தம்பி, நான் ஒட்டினது சரிதான். கண்ணை மூடிட்டு ஒட்டினாக்கூட எனக்குத் தப்பாது. நீங்க ஒரு தடவை உள்ள பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேன்க்கா," என்றான். "கம்ப்யூட்டர்ல தப்பு இல்ல."

அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேலையை விட்டுப் போய்விட்டாள். அந்தப் பார்வைதான் அவனைத் தின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன், பல் தேய்க்கும்போது, மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிடும்போதுகூட.

செவ்வாய்க்கிழமை அதே மூன்றரை மணிக்கு இரண்டு ஸ்டிக்கர்கள் வந்தன. தொட்டியில் இரண்டு பஞ்சு. புதன்கிழமை அவன் ஒரு லட்சத்துக்குக் கீழே எண்ணே கொடுக்காதே என்று கட்டுப்போட்டான். அன்று நான்கு வந்தது. வியாழக்கிழமை சீக்வென்ஸையே அடியோடு நீக்கிவிட்டு, புதிதாக ஒன்றை வேறு பெயரில் உருவாக்கினான். அதைச் சோதிக்க, அடுத்த எண் என்ன என்று முதல் தடவையாகக் கேட்டான்.

417.

சர்வர்களின் இரைச்சல் காதில் ஏறிக்கொண்டே போனது. குளிரூட்டியின் உலர்ந்த காற்றில் ஸ்பிரிட் வாசனை, தோலில் தடவியவுடன் எழுமே, அந்தச் சில்லென்ற வாசனை, அவன் கழுத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று சத்தமாகவே சொன்னான். சூப்பிரண்டெண்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அக்காவின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அதைச் சொல்லவில்லை. மதியம் சொல்லலாம் என்று இருந்தான். மதியம் மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, நான் மேல கூடத்துலதான் இருக்கேன். குட்டிக்கு ஸ்கூல்ல காய்ச்சல் அனலாக் கொதிச்சுதாம். கூட்டிட்டு வந்து ரத்தம் குடுத்தாச்சு. நீங்க பயப்படாதீங்க."

மணி மூன்று முப்பத்திரண்டு. "என்ன நம்பர்?" என்றான்.

"என்னது?"

"ஸ்டிக்கர்ல. என்ன நம்பர் இருக்கு?"

"பூஜ்யம் பூஜ்யம் நாலு..."

படிகளில் ஓடும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டரின் அறையில் மகள் அம்மாவின் மடியில் துவண்டு சாய்ந்திருந்தாள். இடது கை மடங்கியிருந்தது. குழாய் இன்னும் லேபுக்கே போகவில்லை, டாக்டரின் மேசை மேல்தான் இருந்தது. திரையில் ரிப்போர்ட் வந்துவிட்டிருந்தது. அவன் தன் கையால் அழித்த ரிப்போர்ட். ஒவ்வோர் எண்ணும் அவனுக்கு மனப்பாடம்.

"அட, அதுக்குள்ள வந்துடுச்சே!" என்றார் டாக்டர். "எல்லாம் நார்மல். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." பிறகு வாசலில் மூச்சிரைக்க நின்ற அவனைப் பார்த்து, "என்ன நம்பர்காரரே, முகம் இப்படி இருக்கு? சிஸ்டத்துல ஏதாவது கோளாறா?"

பக்கத்து நாற்காலியில் சூப்பிரண்டெண்ட் உட்கார்ந்திருந்தார். அவரும் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு கணம். ஒரே ஒரு கணம்தான் அவன் தன் வேலையை நினைத்தான். விசாரணையை, போலீஸை நினைத்தான். உடனே சீ என்று அதை உதறிவிட்டு, இது என் பிள்ளையின் ரிப்போர்ட் இல்லை, ஐந்து மாதத்துக்கு முன் நான் ஒரு தப்பு செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"இல்ல டாக்டர். கம்ப்யூட்டர்ல தப்பு இல்ல."

அவன் குரல்தான். அன்று அக்காவிடம் சொன்ன அதே குரல், அதே நிதானம். அவன் தலையை ஆட்டினான். கையை நீட்டித் திரையை மறைக்கப் பார்த்தான். இடது கை நீளவில்லை. முழங்கையில் மடங்கி, நெஞ்சோடு ஒட்டி நின்றது. மடிப்புக்குள் ஈரமாக ஏதோ இருந்தது. ஸ்பிரிட் வாசனை. மறுபடி வாயைத் திறந்தான்.

"கம்ப்யூட்டர்ல தப்பு இல்ல."

"அப்பாடா," என்றாள் மனைவி. "நான் பயந்தே போயிட்டேன். வாடா கண்ணு, வீட்டுக்குப் போலாம். நீங்க சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க."

போகாதே. போகாதே. அவளைக் கூட்டிப் போகாதே.

"தப்பு இல்ல. தப்பு இல்ல."

மனைவி சிரித்தாள். டாக்டர் அடுத்த எண்ணை அழைத்தார். அவனால் கூடம்வரைதான் வர முடிந்தது. கண்ணாடிக் கதவு திறந்தது. வெளியே மதிய வெயில். மகள் சின்னச் சின்ன அடியாக நடந்தாள். வலது கை அம்மாவின் கையில் இருந்தது. இவ்வளவு நேரம் மடங்கியிருந்த இடது கையை அவள் இப்போது நீட்டியிருந்தாள். பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில். யாருமில்லாத இடத்தில், ஒரு மடங்கிய முழங்கையைப் பிடித்துக்கொண்டு போகிறவளைப்போல.