நாற்பது டெசிபலுக்குக் கீழே

காலை பத்தரை மணிக்கு என் கணவர் எட்வின் வாணலியோடு மொட்டைமாடிக்குப் போனார். கடுகு தாளிக்கத்தான். எங்கள் வீட்டுக்குள் கடுகு வெடித்து எட்டு மாதம் ஆகிறது. குக்கர் பரணில் கிடக்கிறது. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருக்கிறோம். மின்விசிறியும் இல்லாமல் தூத்துக்குடி வெயிலில் வெந்துகொண்டிருந்தோம்.

எல்லாம் ரூபனுக்காக. பிறவியிலேயே காது கேளாத எங்கள் பிள்ளைக்கு ஆறாவது மாதம் செவிவிதை வைத்தார்கள். கேட்கும் ஒலிகளைப் பழகிப் பழகிக் காதுக்குள் வேர்விடும் நுண்கருவி அது. ஊருக்குப் பத்து விதைதான் வரும், வரிசையிலோ நூறு பிள்ளைகள். அதனால் சுவரில் ஒலிமானியும் வைத்தார்கள். இரைச்சல் நாற்பது டெசிபலைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று சிவப்பு விழுந்தால் விதை அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

எங்களுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விழுந்துவிட்டன. ஒன்று, நான் தவறவிட்ட சொம்பு. இன்னொன்று, எட்வினின் தும்மல். வாயிலிருந்து வரும் சத்தமும் குற்றம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். அதன்பிறகு சிலேட்டுதான். மணிக்கொரு முறை ஒலிமானி மட்டும் பேசும். "இல்லம் அமைதி. நன்றி." அதைக் கேட்டால்தான் எனக்கு மூச்சே வரும்.

எட்வின் இறங்கி வந்து சிலேட்டைக் காட்டினார். "பரிசோதகர் வந்தாச்சு."

விதை வேர்விட்டதா என்று சோதிக்க வந்த பரிசோதகர் பரிமளா ஒலிமானியின் பதிவை நெடுநேரம் பார்த்தார்.

"இரைச்சல் ரொம்பக் கம்மி. ஆனா பேச்சே இல்லையேம்மா? எட்டு மாசத்துல மொத்தமே பதினோரு நிமிஷம்."

"மூணாவது சிவப்பு விழுந்துருமோன்னு பயம் மேடம்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"பேச்சை அது இரைச்சலாவே எடுக்காது. கையேட்டுல முதல் பக்கமே அதானே? நீங்க பேசுறது பிள்ளைக்குத் தெளிவா விழணும்னுதான் மத்த சத்தத்தைக் குறைக்கச் சொன்னோம்."

நாங்கள் விதையைப் பிடுங்கும் பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தோம். அதை மனப்பாடமே செய்திருந்தோம்.

"பின்னாடி நின்னு கூப்பிடுங்க. அம்மா குரலுக்குத் திரும்பினாத்தான் விதை இவனுக்கு."

ரூபன் எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ரூபன்."

அவன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் ராசா, ரூபன். அம்மாடா."

அவன் தோள் மட்டும் லேசாகக் குறுகியது. வீட்டில் யாரோ புது ஆள் வந்துவிட்டதுபோல. எட்வின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இப்போதும் சத்தமில்லாமல்தான்.

மணி பதினொன்று ஆனது.

"இல்லம் அமைதி. நன்றி."

ரூபன் சட்டென்று திரும்பினான். முகம் மலர, இரண்டு கைகளையும் சுவரை நோக்கி நீட்டித் தூக்கச் சொன்னான்.

பரிமளா பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். நான் இன்னும் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.