மூடிய மனுப்பெட்டி

"மேடம், பஸ் ஓடல. ஜனங்க எல்லாம் ரோட்டுல உக்காந்துட்டாங்க."

பர்வீன் காட்டிய திரைக்குள் நூறு பேர் சாலை மறியல் செய்துகொண்டிருந்தார்கள். செய்முறைத் தேர்வுக்காக அவள் வடிவமைத்த நகரப் பேருந்து விளையாட்டுக்குள் தாமாகவே யோசித்து நடக்கும் கணிமாந்தர்கள் அவர்கள். நிரல் எழுதும் வேலையை எந்திரங்களிடம் விட்டுப் பதினைந்து வருடமாகிறது. கல்லூரியில் மிஞ்சியிருப்பது வடிவமைப்புப் பாடம்தான். வடிவமைப்பில் எங்கே இடித்தாலும் கணிமாந்தர்கள் மனுப் போடுவார்கள். மனுவே வராவிட்டால் நூறு மதிப்பெண், ஐம்பது வந்தால் தோல்வி. பர்வீன் இரண்டு முறை தோற்றவள். இந்த அரியரும் போகாவிட்டால் பட்டம் கிடையாது.

பேராசிரியை ஞானாம்பிகை திரையின் ஓரத்தைப் பார்த்தார். "மனு ஒண்ணுகூட இல்லையே. அப்புறம் எதுக்கு மறியல்?"

பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள். "மனுப்பெட்டிய மூடிட்டேன் மேடம். சீனியருங்க எல்லாம் அப்படித்தான் பண்ணுவாங்கன்னு..."

மறியலைக் கணிமாந்தர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குறையைச் சொல்ல இடமில்லாத ஜனம் எந்த உலகத்தில் இருந்தாலும் நடுரோட்டுக்குத்தான் வரும் போலிருக்கிறது.

"இன்னும் அரை மணி நேரம் இருக்கு. என்ன செய்யப்போற?"

ஒரு பொத்தானை அழுத்தினால் கூட்டம் அழிந்துவிடும். பெட்டியை மூடக்கூடாது என்று விதியில் இல்லை; நூறு மதிப்பெண் நிச்சயம். பர்வீனின் விரல் அதன்மேல் போய் நின்றது. முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் அவளையே பார்த்தாள். பர்வீனுக்கு மனசு கேட்கவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மனு கொட்டியது. பாதிக்கு மேல் ஒரே புகார்: ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தம் இல்லை. வரைபடம் அழகாக இருக்கட்டும் என்று அவள்தான் அதை எடுத்திருந்தாள். நல்லவேளையாக, நிறுத்தங்களை வழித்தடத்தோடு பிணைக்காமல் தனியாக வைத்திருந்தாள். ஒன்றைச் சேர்க்க வேறெதையும் கலைக்க வேண்டியிருக்கவில்லை. பேருந்து கிளம்பியது. ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"விதிப்படி பார்த்தா நீ ஃபெயிலும்மா," என்றார் ஞானாம்பிகை. சொல்லிவிட்டாரே தவிர மனசு ஆறவில்லை. நூறு வாங்கியிருந்த மற்ற மாணவர்களின் பதினெட்டு விளையாட்டுகளையும் திறந்து பார்த்தார். பதினெட்டிலும் பெட்டி மூடிக் கிடந்தது. அந்த விதியை வடிவமைத்தவர் அவர்தான். வெட்கமாக இருந்தது.

பர்வீனுக்குத் தேர்ச்சி போட்டார். மாணவர்கள் குறை சொல்லத் தன் பாடத்துக்கும் ஒரு மனுப்பெட்டி திறந்தார்.

முதல் மனு பர்வீனிடமிருந்து வந்தது. 'மத்த பதினெட்டுப் பேருக்கும் பெட்டியத் திறந்து வச்சு மறுபடி செய்ய ஒரு வாய்ப்பு குடுங்க மேடம்.'

சாயங்காலத்துக்குள் நானூறு மனு சேர்ந்துவிட்டது. தன் விதிப்படியே எட்டு முறை தோற்றுவிட்ட பேராசிரியை, சிரித்துக்கொண்டே இரண்டாவது மனுவைப் படிக்கத் தொடங்கினார்.