சேமிக்காத வேலை

இன்னொருவர் இந்தக் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது மறுபடி தொடங்கினால் அவர் சேமிக்காத வேலை அழிந்துபோகலாம். தொடரலாமா?

அவர் இரண்டு முறை படித்தார். பிழை திருத்துவது தொழில். எதையும் ஒரு முறை படித்து நம்புகிறவர் இல்லை. ஆனால் வாக்கியத்தில் பிழை இல்லை. பிழை வீட்டில்தான் இருந்தது. அங்கே அவரைத் தவிர யாரும் இல்லை. எட்டு மாதமாகவே இல்லை.

பழைய கணினியில் இனி எங்கள் கோப்புகள் திறக்காது என்று அச்சகம் எழுதி இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். கேட்டவர்களிடம் பழகின கை என்றார். உண்மை வேறு. கணினி விழிக்கும்போது திரையில் இரண்டு வட்டங்கள் வரும். ஒன்றில் அவர் முகம், இன்னொன்றில் மனைவியின் முகம். புது ஏற்பாட்டில் அந்த இரண்டாவது வட்டம் இருக்குமோ இருக்காதோ.

கடைசியில் கணினிக் கடை வைத்திருந்த மைத்துனன் காலையில் வந்து, புது மென்பொருளைத் தரவிறக்க விட்டுவிட்டுப் போயிருந்தான். மறுபடி தொடங்கவா என்று கேட்டால் ஆமாம் என்று அமுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் அவனுக்குப் போன் செய்தார்.

"தம்பி, யாரோ உள்ள இருக்காங்கன்னு சொல்லுதே."

"அக்காவோட லாகினா இருக்கும். மூடாம விட்டிருப்பா. பவுடர் டப்பாவைக்கூட மூடாத மகராசி."

"தினமும் அணைச்சுட்டுத்தானே படுக்கறேன். எட்டு மாசமா."

அந்தப் பக்கம் அவன் வண்டியை ஓரம்கட்டும் சத்தம் கேட்டது.

"அப்படின்னா இருக்கக் கூடாதே," என்றான். பிறகு சிரித்தான். "கிழட்டுப் பெட்டி, உளறுது அத்தான். அமுக்குங்க. பக்கத்துலதான் இருக்கேன், வந்துடறேன்."

அவர் அமுக்கவில்லை. மூடிய திரைச்சீலை வழியே பிற்பகல் வெயில் பழுப்பாகக் கசிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் விசிறி, யாரோ மூச்சுக்குத் திணறுவதுபோல ஏறி ஏறி இறங்கியது. சூடேறிய தூசியின் வாடைக்கு அடியில், முதலில் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படியாகவும் பிறகு சந்தேகமே இல்லாமலும், ஈரத் தரையின் வாடை, கரைந்த சோப்பின் வாடை வந்தது. குளியலறையை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, நுழைவுத் திரைக்குப் போய் அவள் வட்டத்தைச் சொடுக்கினார்.

கடவுச்சொல் கேட்டது. கல்யாண தேதியைப் போட்டார். தவறு. கீழே குறிப்பு வந்தது.

அன்றைக்கு நீங்கள் கடைசியாகச் சொன்னது.

விரல்கள் விசைகளின் மேலேயே நின்றுவிட்டன.

இரண்டு பேருக்கும் ஒரே கணினி. அவளுக்கு வேண்டும்போது பின்னால் வந்து நின்று, நாற்காலி முதுகில் மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் திரும்பாமலே "அஞ்சு நிமிஷம்" என்பார். அன்றைக்கும் தட்டினாள். இரண்டோடு நிறுத்தவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். கோபம் போலிருக்கிறது என்று நினைத்தார். "அஞ்சு நிமிஷம்னு சொல்றேன்ல!" பதினோரு பக்கம் முடித்துவிட்டு எழுந்து போனபோது அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

விழுந்த சத்தம் கேட்டதும் ஓடினேன், அதற்குள் போய்விட்டாள் என்று டாக்டரிடம் சொன்னார். எல்லோரிடமும் அதையே சொன்னார். மைத்துனன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். "கஷ்டப்படாமப் போனா அத்தான். நீங்க கூட இருந்தீங்க. எனக்கு அது போதும்."

அவர் தட்டச்சு செய்தார். அஞ்சு நிமிஷம்.

திறந்தது.

ஒரே ஒரு பக்கம். பெயரிடாதது, சேமிக்காதது. பழக்கத்தில் கண்கள் முதலில் பிழையைத்தான் தேடின. ஒன்றும் இல்லை.

4.06 நாற்காலியைத் தட்டினேன்.
4.09 பேச்சு வரவில்லை. இடது கை மரத்துவிட்டது. முகம் கழுவினால் சரியாகிவிடும்.
4.12 விழுந்துவிட்டேன்.
4.17 வாளியைத் தட்டுகிறேன்.
4.20 நீங்கள் தாள் புரட்டுவது கேட்கிறது.
4.31 எதையோ படித்துச் சிரித்தீர்கள்.
4.46 வந்தீர்கள்.

கீழே கோடு துடித்துக்கொண்டிருந்தது. பிறகு நகர்ந்தது. விசைப்பலகையை அவர் தொடவில்லை.

தம்பி படியேறுகிறான். அவனும் படிக்கட்டும்.

வெளியே செருப்புச் சத்தம். ஒரு படி. அடுத்த படி.

அவர் யோசிக்கவே இல்லை. அவள் பக்கத்தை விட்டு வெளியே வந்தார். பழைய கேள்வி அங்கேயே காத்திருந்தது. சேமிக்காத வேலை அழிந்துபோகலாம்.

ஆமாம். அமுக்கினார்.

விசிறி ஒரு முறை இழுத்தது. நின்றது. திரை கறுத்தது. அப்பாடா என்று நெஞ்சு இறங்கியது. அந்த நிம்மதிக்காக அவருக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நிம்மதிதான்.

மைத்துனன் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தான். ஏதோ வாடிக்கையாளரோடு வாக்குவாதம். அறையை எட்டிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு கூடத்தில் நின்றான்.

திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன.

மேம்படுத்தப்படுகிறது. அணைக்க வேண்டாம். மீதி: 40 நிமிடம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி 4.06.

இடது கை விசைப்பலகையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. யாருடைய கையோபோல் கிடந்தது. தம்பி என்று கூப்பிடப் பார்த்தார். வாய் கோணியது. குரல் வரவில்லை. சோப்பு வாடை மூக்கில் ஏறியது. வலது கை இருந்தது. அதில் மோதிரம் இருந்தது. மேசையைத் தட்டினார். தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"அஞ்சு நிமிஷம் அத்தான்," என்றான் மைத்துனன், திரும்பாமலே. பேசிக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மீதி: 39 நிமிடம்.

அவர் நாற்காலியின் முதுகில், பின்னாலிருந்து, யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். அவசரமே இல்லாமல். தன் முறை வரட்டும் என்று நிற்பவர்களைப்போல.