கவசத்தில் ஓர் உள்ளங்கைச் சூடு

திரையில் அந்த ஒரு சாம்பல் புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது.

அவள் காபியைக் கீழே வைத்தாள். அவளுடைய கணவன் தனியாளாகப் பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த விண்கலத்தை வெப்பக் கவச ஓடுகள் போர்த்தியிருந்தன. ஓடுகளுக்கு அடியில், ஓட்டுக்கு ஒன்றாக அவளே பார்த்துப் பார்த்து ஒட்டிய அறுபத்துநான்கு கம்பியில்லா சென்சார்கள் நிமிடத்துக்கொரு முறை தங்கள் சூட்டைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஏதாவது ஒன்று மட்டும் அக்கம்பக்கத்தோடு ஒத்துப்போகாமல் உளறினால், அதன் அளவைக் காட்டாமல் பழுதென்று சாம்பல் நிறமாக்கிவிட வேண்டும். அந்த விதியை எழுதியவளும் அவள்தான்.

காலையில் சாம்பலாக இருந்தது ஐம்பத்திரண்டாவது. இப்போது அது பச்சை. ஐம்பத்தேழாவது சாம்பல்.

ஏசியின் ஒரே சுருதி முனகலுக்கும் புதுக் கம்பளத்தின் பசை வாடைக்கும் நடுவே, மத்தியான அசதியில் யாரோ பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருக்க, விதி ஒதுக்கித்தள்ளிய அளவுகளை அவள் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தாள். மற்ற எல்லாம் மைனஸ் எண்பது. அது மட்டும் முப்பத்தேழு. தூங்கும் கணவன் நெற்றியில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு.

பல நாட்களாக அது ஓடு ஓடாக ஏறியிருந்தது. முதலில் நாளுக்கு ஒன்று. இன்று மணிக்கு ஒன்று. அறுபத்துநான்காவது ஓடு கலத்தின் கதவை ஒட்டியது.

"சார், கவசத்து மேல ஏதோ நகருது."

கட்டுப்பாட்டு அறைத் தலைவர் திரும்பக்கூட இல்லை. "சென்சார் பழுதும்மா. விதி எழுதினவங்களே பயந்தா எப்படி? வீட்டுக்காரர் வர்ற படபடப்பு. போய் முகம் கழுவிட்டு வாங்க."

"கதவுகிட்ட போகுது சார். அவர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை..."

"இறங்கப்போற நேரத்துல அவரைக் கலவரப்படுத்தவா? மூச்!"

கலத்தோடு பேசும் மைக் தலைவரிடம் மட்டும்தான். அவளால் கேட்க மட்டுமே முடியும்.

"கேக்குதா, குட்டிப் பிசாசு?" கணவனின் குரல் காதோடு வந்தது. "நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் நான் பேசி நீ வாயைத் திறக்காத ஒரே நாள் இதுதான்!"

அறையே சிரித்தது.

அறுபது. மணிக்கணக்கெல்லாம் போய்விட்டது. நிமிடத்துக்கு ஒன்று.

அறுபத்தொன்று.

"வெளியில ஏதோ உரசுது."

"ஓடு குளிர்ல சுருங்குதுப்பா," என்றார் தலைவர்.

அறுபத்திரண்டு.

அவள் மைக்கை நோக்கிப் பாய்ந்தாள். யாருடைய கைகளோ தோளைப் பிடித்து உட்காரவைத்தன. "ஒண்ணும் ஆகாதும்மா." தண்ணீர் நீட்டினார்கள்.

அறுபத்துமூன்று.

"உரசல் இல்ல..." சிரிப்பு போயிருந்தது அவன் குரலில். "தட்டுது."

அறுபத்துநான்கு.

"கைப்பிடி..."

இரைச்சல்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். இறங்குமுன் கலம் ஆண்டெனாவை மடக்கிக்கொள்ளும். இனி அரைமணி நேரம் பேச்சுமூச்சு இருக்காது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிலர் கைதட்டினார்கள்.

ஆண்டெனா மடங்குமுன் கடைசியாக வந்த அளவுகள் திரையில் நின்றிருந்தன. தலைவர் அவள் பக்கம் குனிந்தார்.

"பாத்தீங்களா? தானாவே சரியாயிடுச்சு."

அறுபத்துநான்கும் பச்சை. அறுபத்துநான்கிலும் மைனஸ் எண்பது.

கலத்துக்கு வெளியே எங்குமே அந்தச் சூடு இல்லை.