கேட்காத மேளம்

குழந்தைகள் மனநல கிளினிக்கின் விளையாட்டு அறையில் புது மேளம் சத்தம் போடவில்லை. டாக்டர் மறுபடியும் தட்டிப் பார்த்தாள். தோல் அதிர்வது விரலுக்குத் தெரிந்தது, காதுக்கு எட்டவில்லை. வெளியே கொண்டுவந்து தட்டியதும் வரவேற்பில் இருந்த பெண் பதறி நிமிர்ந்தாள்.

"முன்னாடி ஒரு கிலுகிலுப்பையைக்கூட உள்ள விடமாட்டீங்களே டாக்டர்."

உண்மைதான். பக்கத்து அறையில் ஒரு குழந்தை மனதில் உள்ளதைக் கொட்டும்போது இங்கிருந்து ஒரு சத்தமும் வரக்கூடாது என்று, பஞ்சுக் கட்டை, கம்பளி மீன் எனச் சத்தம் போடாத பொம்மைகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கியவள் அவள். போன வருடம் பள்ளி விடுமுறையில் தன் மகளையும் அங்கேதான் விட்டிருந்தாள். சத்தமே இல்லை; சமர்த்தாக விளையாடுகிறாள் என்று நினைத்தாள். கதவைத் திறந்தபோது வலிப்பு வந்து எல்லாம் முடிந்திருந்தது. கடைசியாக அம்மா என்று கூப்பிட்டாளா? அது தெரியாமல் இவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று பூட்டிய அறையை இன்றுதான் திறந்திருக்கிறாள், சத்தம் போடும் சாமான்களாக நிரப்பி. தூங்காத காது ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

நாலு மணிக்கு ஒரு தாய் ஐந்து வயது மகளோடு வந்தாள். "நான் மட்டும் முதல்ல பேசணும். இவ அங்க விளையாடட்டுமா?"

நடுக்கதவைத் திறந்தே வைத்தார்கள். தாய் பேசினாள். மின்விசிறியின் முனகலுக்கும் அவள் தாழ்ந்த குரலுக்கும் நடுவே, குளித்துவிட்டு வந்த குழந்தையின் பவுடர் வாசனை அந்தக் கதவு வழியாக மெல்ல மெல்ல வந்து டாக்டரின் மேசையைச் சுற்றி நின்றது. மகளுக்குப் பூசிவிடும் அதே வாசனை.

"நல்லா விளையாடுறா போல. சத்தமே காணோம்," என்றாள் தாய், திரும்பாமல்.

டாக்டர் திரும்பினாள்.

சிறுமி இரண்டு கையாலும் மேளத்தை அறைந்துகொண்டிருந்தாள். வாய் பிளந்திருந்தது. கன்னமெல்லாம் கண்ணீர். ஒரு சத்தமும் இல்லை.

டாக்டர் உள்ளே ஓடினாள். தூக்கினாள். நடுக்கதவுக்கு வெளியே இறக்கிவிட்டாள். அழுகை வெடித்தது. தாய் பாய்ந்து வந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள்.

டாக்டரால் வெளியே வர முடியவில்லை. பின்னாலிருந்து சேலையைப் பிடித்திருந்தது ஒரு சின்னக் கை.

யாரென்று பார்க்கத் தேவையில்லை. பார்த்தாள். மகளின் உதடுகள் அசைந்தன.

"இதோ வந்துட்டேண்டா," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

கதவை உள்ளிருந்து சாத்தினாள். மண்டியிட்டு, அந்த வாயருகே காதை வைத்தாள். குளிர்ந்த மூச்சு மட்டும் பட்டது. இன்னும் நெருங்கினாள். உதடுகள் காதில் உரச உரச, குழந்தை விடாமல் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது.